துண்டுக்குள் வாங்கிய காளை

வள்ளியாத்தாளுக்குக் காளை வந்த கதையை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் சிரிப்பு வருகிற இடத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். முழுக்கச் சொல்ல எனக்குத்தான் உரிமை இருக்கிறது. ஏனென்றால் அந்தக் காளை தின்றது புல்லையும் தவிட்டையும் மட்டுமல்ல, என் தையல் மெஷினையும்தான்.

என் பெயர் வரலட்சுமி. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் காலனி. வள்ளியக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். இரண்டு பேரும் செங்கோட்டையன் தோப்பில்தான் வேலை. தோப்பு முதலாளியான அவரை நாங்கள் பண்ணாடி என்போம். விழுந்த மட்டையை இழுத்துப் போடுவது, தேங்காயைப் பொறுக்கிக் குவிப்பது, மழை பெய்தால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் எங்கள் உத்தியோகம். அக்காவின் புருஷன் வேலன் மரமேறியாக இருந்தவர். ஒருநாள் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு உட்கார்ந்த இடத்தில் ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டுவார். "மரத்துக்கு மேல இருந்து பாத்தா ஊரே தெரியும், இப்ப ஊருல பாதிப்பேரோட காலுதான் தெரியுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது அக்கா சிரிக்க மாட்டாள். ஒரு ஆள் கூலியில் வீடு ஓட வேண்டிய கவலை அவளுக்கு.

காலனியில் பாதி வீடு கோயிலுக்குப் போகும், பாதி வீடு சர்ச்சுக்குப் போகும். சில வீடுகள் இரண்டுக்கும் போகும். தொண்ணூற்று நாலாம் வருஷம் அந்தச் சின்ன ஓட்டுச் சர்ச்சுக்குப் புதுப் போதகராகக் கௌதமன் வந்தார். எங்கள் பக்கம் போதகரை அய்யர் என்றுதான் கூப்பிடுவோம். கோயமுத்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். நல்ல உயரம், அதைவிட நல்ல மனசு. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் கையைப் பிடித்தாலும் இரண்டு கையாலும் பிடிப்பார். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் விசாரித்து முடிக்கிற வரைக்கும் விடமாட்டார். அவர் சம்சாரம் மெர்சியம்மா அதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். பேச்செல்லாம் ஊசி போட்டதுபோல நறுக்கென்று இருக்கும்.

மெர்சியம்மாதான் காலனிப் பொம்பளைகளுக்கென்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். சர்ச்சுத் தலைமை அலுவலகத்திலிருந்து கொஞ்சம் பணம் வந்தது. அதில் ஒருத்திக்குக் கடன் கொடுப்பார்கள். அவள் தொழில் செய்து வாரா வாரம் அடைத்தால், சேருகிற அந்தப் பணமே அடுத்தவளுக்குப் போகும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவளும் சேரலாம். சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சு முன்னால் கூடி, முதலில் ஜெபம், பிறகு தவணை. எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்யும்போது வள்ளியக்கா "மாசாணியம்மா, தாயே" என்று முணுமுணுப்பாள். மெர்சியம்மா காதில் அது விழும். ஒரு தடவைகூட அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஒரு சட்டத்தில் மட்டும் கறாராக இருந்தார். கடன் பணத்தைப் புருஷன்மார் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது.

யாருக்கு முதலில் என்று ஜெபம் செய்து சீட்டுக் குலுக்கினோம். முதல் சீட்டு வள்ளியக்காவுக்கு, இரண்டாவது எனக்கு. அவள் கறவை மாடு வாங்க வேண்டும். அவள் அடைத்து முடித்ததும் நான் தையல் மெஷின் வாங்க வேண்டும். ஜாக்கெட்டைக் கையால் தைத்துத் தைத்து என் விரலெல்லாம் சல்லடை. ஆகவே அக்காவின் மாடு நன்றாகப் பால் கறக்க வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகமாக வேண்டிக்கொண்டேன்.

மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குத்தான் போக வேண்டும். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், எத்தனை அழுத்து என்பதெல்லாம் கணக்கு. துண்டுக்குள் பேசியது விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பொம்பளை கையை எந்தத் தரகரும் பிடிக்க மாட்டார். புருஷன்மார் கைக்கோ சங்கத்துச் சட்டம் தடை. மிச்சம் இருந்த ஒரே ஆம்பளைக் கை அய்யருடையது.

செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு அய்யர், மெர்சியம்மா, வள்ளியக்கா, நான் என நாலு பேரும் போனோம். பஸ்ஸில் போகும்போதே அக்கா அய்யருக்கு விரல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். தோப்பில் மாடு விற்க வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள் அவள். அய்யர் கெட்டிக்காரர், சீக்கிரம் படித்துக்கொண்டார். சந்தையில் ஒரு செவலைப் பசு அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. மடியைத் தடவிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், முகமே மலர்ந்துவிட்டது. அதன் தரகர் டீ குடிக்கப் போயிருந்தார். வரட்டும் என்று நின்றோம்.

பக்கத்தில் கந்தப்பன் என்று ஒரு தரகர், வெளுத்த சாம்பல் நிறத்தில் மயிலைக் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காங்கேயம் காளை. ஆளைப் பார்த்தாலே சீறும். காயடிக்காதது, நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்காது. டிராக்டர் வந்துவிட்ட காலத்தில் அதை யார் வாங்குவார்கள்? வாரா வாரம் ஓட்டிக்கொண்டு வந்து, வாரா வாரம் ஓட்டிக்கொண்டு போகிறாராம். அவர் அய்யரைப் பார்த்துவிட்டு, "வாங்க அய்யருங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கையை நீட்டினார். கையின்மேல் துண்டு கிடந்தது.

அய்யர் சிரித்துக்கொண்டே தன் கையைத் துண்டுக்குள் விட்டார். ஒரு கை இல்லை, வழக்கம்போல இரண்டு கை.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? முகம் வாடியிருக்கே?"

"என்னத்தைங்க சொல்றது. மாடு விக்கலீங்க, மனசே சரியில்லீங்க."

அவ்வளவுதான். அய்யர் மனசு இளகிவிட்டது. "உங்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். "சம்சாரம் இருக்காங்களா?" என்று கேட்டு ஒரு அழுத்து. "பிள்ளைங்க?" என்று கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அழுத்து. கந்தப்பனுக்குப் பிள்ளைகள் அதிகம். பெரிய மகள் பெயரில் ஏறிய விலை, சின்ன மகன் பெயருக்குள் நாங்கள் பசுவுக்கென்று கொண்டுபோன பணம் முழுவதையும் தொட்டுவிட்டது. பேரன் பேத்திகளைப் பற்றி அய்யர் கேட்பதற்குள் மெர்சியம்மா புரிந்துகொண்டு, "ஏங்க! கையை எடுங்க!" என்று கத்தினார். அய்யர் அதற்குள் கண்ணைத் திறந்து, கந்தப்பனைப் பார்த்து அன்பாகத் தலையை ஆட்டிவிட்டார்.

கந்தப்பன் கண்ணில் தண்ணீர். "இந்தக் காளைக்கு இப்பிடியொரு வெலை எவனும் குடுக்கலீங்க. உங்க வெலைக்கே தந்துட்டேனுங்க" என்று கயிற்றை அய்யர் கையில் வைத்துவிட்டார்.

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிரிக்காத வாய் ஒன்றுகூட இல்லை. துண்டுக்குள் கொடுத்த கையைத் திரும்ப எடுத்தால் அந்த ஆளைச் சந்தையில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அய்யருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "என் சம்பளத்துல இருந்து நான் அடைச்சுடறேன். வள்ளியம்மா, நீங்க பசுவையே வாங்குங்க" என்றார். அவர் சம்பளம் எங்களுக்குத் தெரியாதா? மெர்சியம்மா பழைய புடவையை வெட்டி ஜன்னலுக்குத் திரை போட்டிருந்த வீடு அது. அப்படியே அவர் அடைத்தாலும் அன்றைக்குப் பசு வாங்கக் கையில் வேறு பணம் இல்லை.

வள்ளியக்கா காளையைப் பார்த்தாள். காளை அவளைப் பார்த்து மூச்சை விட்டது. செவலைப் பசுவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஓட்டிட்டுப் போலாமுங்க" என்றாள்.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? இது பால் கறக்குமா?" என்று நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"எனக்காகச் சந்தையில கைய நீட்டுன மொத ஆளு அவுரு. அந்தக் கையப் பொய்யாக்கச் சொல்றியா கண்ணு?"

வழிநெடுகக் காளை எங்களை இழுத்துக்கொண்டு போனது என்று சொல்வதுதான் சரி. அக்கா வீட்டுப் பக்கம் கட்ட இடம் இல்லாததால் சர்ச்சுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கட்டினோம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நான் நல்லவிதமாகப் பேசப் போவதில்லை. அக்கா கூலியில் பாதி காளைக்கு, மீதி தவணைக்கு. வீட்டில் ரசத்தில் தண்ணீரைத் தேட வேண்டாம், தண்ணீரில் ரசத்தைத்தான் தேட வேண்டும். விற்றுவிடலாம் என்று திரும்பச் சந்தைக்கு ஓட்டிப் போனாள். கறிக்கு ஏற்றுகிற லாரிக்காரர்கள்தான் விலை கேட்டார்கள். அவள் காதில் வாங்காததுபோலத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தவணை குறைந்துகொண்டே போனது. என் மெஷின் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நான் வேப்பமரத்தடியில் நின்று அந்தக் காளையை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் போவேன். அது அசை போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்ளும்.

வழி பிறந்தது பண்ணாடியின் பசுவால். அது நல்ல கறவை மாடு, ஆனால் சினை நிற்கவில்லை. சினை ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்த மாட்டின் ராசியோ என்னவோ, பிடிக்கவில்லை. ஒரு காலையில் அது காளைக்குக் கத்திக்கொண்டே கயிற்றை அறுத்துக்கொண்டு, தோப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, நேராகச் சர்ச்சுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பண்ணாடி கையில் தடியோடு வந்து சேர்வதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. "யாரைக் கேட்டுக் காளையை அங்க கட்டுன?" என்று அக்கா வீட்டு வாசலுக்கே வந்து அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். வாசலில் ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்த வேலன்தான், "உங்க மாடுதானுங்க எங்க காளையத் தேடி வந்துச்சு. எங்க பையன் ஊட்டைவிட்டு எங்கியும் போகலீங்க" என்று பணிவாகச் சொன்னார். பண்ணாடிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம் அந்தப் பசு கத்தவில்லை. அதற்கடுத்த மாதமும் கத்தவில்லை, சினை நின்றுவிட்டது. பண்ணாடியே வந்து ஒரு மூட்டை பருத்திக்கொட்டையும், கையில் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டுப் போனார். சேதி தோப்புத் தோப்பாகப் பரவியது. கெடிமேட்டிலிருந்து வந்தார்கள், கோமங்கலத்திலிருந்து வந்தார்கள். வருகிற ஆம்பளைகளுக்குத்தான் பெரிய கஷ்டம். ஒரு பொம்பளையிடம் இதை எப்படிக் கேட்பது? மழையைப் பற்றிப் பேசுவார்கள். கொப்பரை விலையைப் பற்றிப் பேசுவார்கள். "ஏனுங்க அம்மணி, ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று தலையைச் சொறிவார்கள். அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "மாடு கத்துதுங்களா? வெய்யில் ஏறறதுக்குள்ள ஓட்டியாங்க" என்பாள். வந்தவருக்கு அப்பாடா என்றிருக்கும். வேலனைக் கயிற்றுக் கட்டிலோடு வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து வைத்தோம். எந்த மாடு எப்போது வந்தது, எப்போது ஈனும் என்பதெல்லாம் அவர் வாயில் மனப்பாடம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் முதலாளிக் களை வந்திருந்தது.

சர்ச்சுக்குள்தான் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை அய்யர் உள்ளே பிரசங்கம் செய்துகொண்டிருப்பார், வெளியே மாடுகள் கத்திக்கொண்டிருக்கும். சபைக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மெர்சியம்மா ஞாயிறு காலையில் காளைக்கு லீவு விட்டார். ஆனாலும் யாரோ கோயமுத்தூருக்குப் புகார் எழுதிப்போட்டுவிட்டார்கள்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து சுரேந்தர் என்பவர் காரில் வந்து இறங்கினார். கோயமுத்தூரில் பணக்காரர்கள் இருக்கிற ஆர்.எஸ்.புரத்தில் வீடாம், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. வேப்பமரத்தடியில் சங்கத்துப் பொம்பளைகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். "ஏழைக் குடும்பங்க தலையெடுக்கணும்னுதான் சபை பணம் கொடுக்குது. ஆனா இது பெண்கள் செய்யற தொழிலா? கேட்கவே கூச்சமா இருக்கு. மாசக் கடைசிக்குள்ள காளையை வித்துப் பணத்தைக் கட்டுங்க. இல்லேன்னா சங்கத்தை மூடிடுவோம்."

காளையை விற்றால் அக்கா மறுபடியும் ஒற்றைக் கூலிக்காரி. சங்கத்தை மூடினால் நான் சாகிற வரைக்கும் கை ஊசிதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காளை இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வள்ளியக்கா எழுந்து நின்றாள். "இந்தக் காளை வந்துதானுங்க எங்க ஊட்டுல ரெண்டு நேரம் அடுப்பெரியுது. எங்க ஊட்டுக்காரரு மறுபடியும் நாலு பேரு மதிக்கற மனுசனா உக்காந்திருக்காருங்க. இதுல எனக்கு என்னுங்க கூச்சம்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணாடி தன் இன்னொரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடவே முதல் பசுவும், அது ஈன்ற மயிலைக் கிடேரிக் கன்றும் துள்ளிக்கொண்டு வந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுரேந்தரைப் பார்த்துப் பண்ணாடி மரியாதையாகக் கும்பிட்டார்.

"வணக்கமுங்க. கார்ல வந்திருக்கீங்க, தூரமாட்ட இருக்குது. உங்க மாடும் கத்துதுங்களா? பரவாயில்லீங்க, நீங்களே முன்னால போங்க. நான் இருந்து பாத்துக்கறேன்."

நாங்கள் எல்லோரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். அய்யர் வேப்பமரத்தின் கிளைகளை ஆராய ஆரம்பித்துவிட்டார். மெர்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீயைக் கொண்டுவந்து சுரேந்தர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், நான் எத்தனையோ பிரசவம் பார்த்தவ. கடவுள் கன்னுக்குட்டியைக் கொடுக்க வேற ஏதாவது வழி வெச்சிருந்தா சொல்லுங்க. அதுக்கும் கடன் கொடுத்துடலாம்."

சுரேந்தர் டீயைக் குடித்தார். கன்று போய் அவர் சுருக்கமில்லாத சட்டையை நக்கிப் பார்த்தது. அவர் அதைத் தள்ளவில்லை. கொஞ்ச நேரம் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்" என்றார். "அதுக்கு ஏற்கெனவே லீவுங்க" என்றார் வேலன். கார் போனதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் காளையே மிரண்டுவிட்டது.

அடுத்த வருஷம் என் தையல் மெஷின் வந்தது. அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, மெர்சியம்மா ஜெபமும் செய்தார். முதலில் என்ன தைத்தேன் தெரியுமா? சிவப்புக் கரை போட்ட நல்ல பருத்தித் துணியில் ஒரு துண்டு. நாலு ஓரமும் மடித்துத் தைத்து வள்ளியக்காவிடம் கொடுத்தேன். "எதுக்கு கண்ணு?" என்றாள். "பசு வாங்கத்தான். இந்தத் தடவை நீயே போ" என்றேன்.

போனாள். கந்தப்பன் முதலில் பதறிப்போய்ப் பின்வாங்கினாராம். அக்கா துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டியபடியே நின்றாளாம். "உங்க பேரப்புள்ளைங்களை எல்லாம் விசாரிக்க மாட்டேனுங்க, பயப்படாதீங்க" என்றாளாம். சந்தையே சிரித்தது. கந்தப்பனும் சிரித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். ஒரு செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். என்ன விலை என்று இன்றுவரை எனக்குக்கூடச் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டில் அய்யருக்கு மாற்றல் வந்தது. சாமானையெல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது. காலனியே சர்ச்சு முன்னால் நின்றது. கோயிலுக்குப் போகிறவர்கள்தான் அதிகமாக அழுதார்கள். அய்யர் ஆம்பளைகள் ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு வீட்டையும் விசாரித்துக்கொண்டே வந்தார். மெர்சியம்மா அவரை ஒருதரம்கூட அவசரப்படுத்தவில்லை. வள்ளியக்கா முறை வந்தது. அய்யர் பொம்பளைகளுக்குக் கை கொடுக்க மாட்டார், கும்பிடு போடுவார். கும்பிடக் கையை எடுத்தார்.

அக்கா தோளில் கிடந்த சிவப்புக் கரைத் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

அய்யர் ஒரு நிமிஷம் திகைத்தார். பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த வேலன், "குடுங்க அய்யருங்க, வெலை பேசட்டும்" என்றார். அய்யர் இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. துண்டு ஒரு தடவை அசைந்தது, மறுபடியும் அசைந்தது, நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது. மெர்சியம்மா பெயருக்கு ஒன்று, அவர்கள் பிள்ளைகள் பெயருக்கு ஒன்று, இனிமேல் அவர் போகப்போகிற ஊருக்கு ஒன்று என்று நானாக நினைத்துக்கொண்டேன். அய்யர் முகத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை.

கையை எடுத்த பிறகு, "ரொம்ப அதிகமாச் சொல்லிட்டீங்களே, வள்ளியம்மா" என்றார்.

"உங்க வெலைக்கே தந்துட்டேனுங்க" என்றாள் அக்கா.

வேன் கிளம்பியது. சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னக்கா சொன்னே?" என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காளைக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.